ஐந்நூறு வந்தால் மறுபடி கேளுங்கள்

கோயமுத்தூர்ப் பக்கம் ஒருவர் குறை சொல்லத்தான் போன் செய்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே தனித் திறமை வேண்டும். முதலில் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரிப்பார். அடுத்து, உங்கள் பக்கம் மழை உண்டா என்பார். விஷயத்துக்கு வரும்போது, தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று ஆரம்பித்து, அதையும் பாதியில் விட்டுவிட்டு, "சரிங்க, வெச்சுடட்டுங்களா" என்று முடித்துக்கொள்வார். புதன்கிழமை காலை உடுமலைப்பேட்டையிலிருந்து லோகப்பிரியா பேசியதும் இந்த முறைப்படிதான்.

"ஏனுங்க செவ்வந்தி, சாப்ட்டாச்சுங்களா? ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன விசயம். எங்க ஆப்புல எங்கியோ தப்புப் பண்ணிப்போட்டமாட்ட இருக்குது. எங்கன்னு நீங்க சித்த பாத்துச் சொன்னா தேவலீங்க."

சின்ன விஷயம் என்னவென்றால், சென்னிமலை என்கிற தென்னந்தோப்புக்காரரின் போர்வெல் மோட்டார் எரிந்துபோயிருந்தது. லோகப்பிரியாவின் ஆப்பை நம்பி, தோப்புக்குப் போகாமல் போனிலேயே மோட்டாரைப் போட்டவர் அவர். இப்போது தோப்பில் தண்ணீர் இல்லை. அந்த ஆப்பை நம்பாதீர்கள் என்று பக்கத்துத் தோப்புக்காரர்களிடமும் சொல்லிவிட்டார்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். செவ்வந்தி வேலை பார்த்த கம்பெனி காளப்பட்டி ரோட்டில் இருந்தது. தோட்டத்து ஸ்டார்ட்டரில் மாட்டுகிற ஒரு பெட்டியைச் செய்து விற்றது. சிம் கார்டு போட்ட பெட்டி. சொன்னால் மோட்டாரைப் போடும், சொன்னால் நிறுத்தும். விவசாயி கையில் இருக்கும் ஆப்பைக் கம்பெனி செய்யவில்லை. அதை லோகப்பிரியாவைப் போல அந்தந்த ஊரில் சின்னதாக ஆபீஸ் போட்டவர்கள் செய்தார்கள். அவர்களுடைய ஆப், கம்பெனியின் சர்வரிடம் 'மோட்டாரைப் போடு' என்று கேட்கும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று சர்வர் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். இந்தக் கேள்வி பதிலுக்குத்தான் ஏபிஐ என்று பெயர். எந்த எண்ணுக்கு என்ன அர்த்தம், அது வந்தால் ஆப் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த பக்கங்களை ஆபீஸில் டாக்ஸ் என்பார்கள். அந்த டாக்ஸை எழுதுவது செவ்வந்தியின் வேலை. படித்துப் பார்ப்பது யாருடைய வேலையும் இல்லை.

லோகப்பிரியா போனை வைத்ததும் செவ்வந்தி அன்றைய பதிவுகளைத் திறந்தாள். சென்னிமலை மோட்டாரைப் போட்ட நேரத்தில் வோல்டேஜ் குறைவாக இருந்திருக்கிறது. அந்த நிலைமைக்கு டாக்ஸில் இருந்த எண் 409. அதன் பக்கத்தில் அவளே எழுதிய வாக்கியம்: 'நான்கில் தொடங்கும் எண் வந்தால் மறுபடி கேட்காதீர்கள், காரணத்தை விவசாயிக்குக் காட்டுங்கள்.' ஆனால் சர்வர் அனுப்பியிருந்தது 500. அதற்கும் ஒரு வாக்கியம் அவள் கையாலேயே இருந்தது: 'ஐந்நூறு வந்தால் கோளாறு எங்கள் சர்வரில், அரை நிமிடம் பொறுத்து மறுபடி கேளுங்கள்.'

லோகப்பிரியாவின் ஆப் சொன்னபடி கேட்ட பிள்ளை. அரை நிமிடம் பொறுத்து மறுபடி கேட்டிருக்கிறது. மறுபடியும் ஐந்நூறு. மறுபடியும் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் மோட்டார் உறுமிப் பார்த்து, இழுக்க முடியாமல் விழுந்து, கடைசியில் உள்ளே சுற்றிய கம்பிக் காயில் கருகும்வரை டாக்ஸ் சொன்னதை அது ஒரு வரிகூடப் பிசகாமல் செய்திருக்கிறது.

எரிந்த மோட்டார் என்றால் என்ன என்று செவ்வந்திக்குத் தெரியும். அவள் அப்பா மாசாணம் காரமடைப் பக்கம் போர்வெல்லிலிருந்து மோட்டார் தூக்கும் ஆட்களின் செட்டில் வேலை பார்த்தவர். கோடையில் காயில் கட்டும் கடையில் மோட்டார்கள் வரிசையாகக் கிடக்கும். கொடுத்த மோட்டார் திரும்பி வருவதற்குள் நட்ட இளங்கன்று வாடிவிடும். தண்ணீர் பாயாத காட்டில் களை வெட்ட ஆள் கூப்பிட மாட்டார்கள், அம்மா சின்னாத்தாள் வீட்டில் உட்கார்ந்துவிடுவாள். சொந்தமாகப் பாய்ச்ச ஒரு சென்ட் நிலம் இல்லாத வீடு அது. ஆனாலும் ஊரில் யாருடைய மோட்டார் எரிந்தாலும் அந்த வீட்டு அடுப்பில் தெரியும்.

நேராக சபரீஷிடம் போனாள். சர்வர் எழுதும் ஆட்களுக்கு அவன்தான் தலைவன். கெட்டவன் இல்லை, கெட்டிக்காரன்; அதில்தான் சிக்கலே. பதிவைப் பார்த்ததும் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டான். சர்வரை எழுத அடித்தளமாக வாங்கிக்கொள்ளும் ஃபிரேம்வொர்க்கில் புது வெர்ஷன் வந்திருக்கிறது. பழைய வெர்ஷன் எந்தப் பிழையையும் அதன் இனம் பார்த்துப் பிரித்து எண் கொடுக்கும். புதியது, பெயர் சொல்லிப் பதிவு செய்யாத பிழைகளை எல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே 500 என்று எழுதி அனுப்பிவிடும். அதை வைத்துச் செய்த சர்வரின் புது வெர்ஷனைச் சோதனைக்காகப் போன வாரம் லோகப்பிரியாவுக்கு மட்டும் கொடுத்திருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை எல்லோருக்கும் போகப் போகிறது.

"வோல்டேஜ் பிழைய இப்பவே பதிவு பண்ணிடறேன். அஞ்சு நிமிசச் சோலி. முடிஞ்சுதுங்க" என்றான் சபரீஷ்.

"ஒண்ணு எரிஞ்சதால ஒண்ணு தெரிஞ்சுது. மிச்சம் எத்தனை தப்பா இருக்குதுன்னு எப்படிங்க தெரியும்? ஒவ்வொண்ணுக்கும் ஒரு மோட்டாரு எரியோணுங்களா?"

"டாக்ஸ் தப்புன்னா யாராவது சொல்லியிருப்பாங்கல்ல. பாருங்க" என்று புகார்களுக்கான மெயில் பெட்டியைத் திறந்து காட்டினான். காலி. கம்பெனி தொடங்கியதிலிருந்து டாக்ஸைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. இதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன்.

முதலாளி குமாரசாமியிடம் விவகாரம் போனது. நல்ல மனிதர், எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர். புது வெர்ஷன் எதுவானாலும் ராகு காலம் கழிந்துதான் வெளியிட விடுவார். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் முடிகிறது, பத்து மணிக்கு ரிலீஸ் என்று அவர் மனத்தில் ஏற்கெனவே குறித்தாகிவிட்டது.

"தள்ளிப் போட வேண்டாம் அம்மணி" என்றார். "அந்த உடுமலைப் பொண்ணே தப்பு தன்னுதுன்னு சொல்லுதில்ல?"

"அவிங்க மரியாதைக்குச் சொன்னாங்க சார். அத நாம வாக்குமூலமா எழுதிக்கக் கூடாதுங்க."

குமாரசாமி பேனாவை மூடித் திறந்தார். பிறகு, திங்கட்கிழமை பத்து மணிக்குள் டாக்ஸ் முழுவதும் சரி என்று அவள் காட்டிவிட்டால் சரி, இல்லையென்றால் இருக்கிறபடியே போகும் என்று முடித்தார். செவ்வந்தி சரி என்றாள். இன்னொரு மோட்டார் தன் வாக்கியத்தை நம்பி எரியக் கூடாது. அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டும்.

வியாழக்கிழமை காலையிலிருந்து, ஆப் செய்யும் ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தாள். "எங்க டாக்ஸ்ல ஏதாச்சும் தப்பு இருக்குதுங்களா?" ஒருவர்கூட 'இல்லை' என்பதைத் தவிர வேறு சொல்லவில்லை. தாராபுரத்துக்காரர் டாக்ஸ் அருமை என்றார். பெருந்துறைக்காரர் அவள் எழுத்தைப் பாராட்டினார். காரமடை பாலகோபால், ஊர்க்காரப் பெண் என்கிற உரிமையில், தேர் நோம்பிக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொண்டார். டாக்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. இவர்களிடம் தப்பைப் பிடுங்குவதைவிடப் பல்லைப் பிடுங்குவது சுலபம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தியூர் பீர் முகம்மதுதான் வாய் தவறினார். அவரும் முதலில், "ஒரு பிரச்சனையும் இல்லீங்க மேடம்" என்றார். பிறகு அவள் குரலில் இருந்த சோர்வைக் கேட்டோ என்னவோ, ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்தார். "நீங்க வெசனப்படாதீங்க. அப்படியே ஏதாச்சும் இருந்தாலும் நாங்களே ரெண்டு வரி சேத்துச் சரி பண்ணிக்குவமுங்க."

செவ்வந்தி நாற்காலியில் நிமிர்ந்தாள். "சேத்திருக்கீங்களா?"

"அது... அப்பவேங்க. முந்தின வெர்ஷன் மாத்துனீங்கல்ல, அப்பவே. டாக்ஸ்ல ஒரு எண்ணு இருந்துது, வந்தது வேற. இதுக்குப் போயி உங்களையத் தொந்தரவு பண்ணலாமுங்களா? நாங்களே பாத்துக்கிட்டோம்."

ஆக, புகார்ப் பெட்டி காலியாக இருந்ததற்கு டாக்ஸ் சரியாக இருந்தது காரணமில்லை. இத்தனை பேரும் ஆளுக்கொரு ஓட்டையைக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு ஒட்டுப் போட்டு, நம் மனம் நோகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். லோகப்பிரியா தொழிலுக்குப் புதுசு. அவளிடம் ஒட்டு எதுவும் இல்லை. டாக்ஸை அப்படியே நம்பிய ஒரே ஆள் அவள்தான். புது வெர்ஷனும் முதலில் அவளிடம்தான் போயிற்று, அடியும் அவளுக்கே விழுந்தது.

செவ்வந்திக்குக் கோபம் வந்தது, இவர்கள் மேல் இல்லை, தான் கேட்ட கேள்வியின் மேல். இந்த ஊரில் பிறந்து வளர்ந்துவிட்டு, யாரிடம் போய் எதைக் கேட்டிருக்கிறாள்! குறை கேட்டால் வாயைத் திறக்காதவர்கள், ஒத்தாசை என்று கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். எல்லோரையும் மறுபடி கூப்பிட்டாள்.

"எனக்கு ஒரு ஒத்தாசை வேணுமுங்க. எங்க சர்வரு பதிலுக்காக நீங்க தனியா எழுதி வெச்ச வரிகள அனுப்ப முடியுங்களா? அதப் பாத்து நாங்க கத்துக்கோணும்."

அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டுக்குள் மெயில் வர ஆரம்பித்துவிட்டது. பெருந்துறைக்காரர் விளக்கம் எழுதி, படமும் போட்டு அனுப்பினார். பீர் முகம்மது, இதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்காததையும் சேர்த்து அனுப்பிவைத்தார். பாலகோபாலின் நிரலில், ஒட்டுப் போட்ட இடத்தில், தன் ஆட்களுக்காக அவர் எழுதிவைத்த குறிப்பு அப்படியே வந்திருந்தது: 'டாக்ஸ்ல ஒண்ணு இருக்கும், வர்றது வேறயா இருக்கும். சண்டை வேண்டாம். இப்படியே விட்டுரு.'

அந்த வரியை செவ்வந்தி சபரீஷின் திரையில் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அவன் இரண்டு தடவை படித்தான். காது சிவந்துபோனது. புகார்ப் பெட்டியைப் பற்றி அதற்குப் பிறகு அவன் பேசவேயில்லை.

"சரிங்க, என்ன பண்ணலாம் சொல்லுங்க" என்றான்.

"டாக்ஸ்ல நான் எழுதுற ஒவ்வொரு உதாரணத்தையும் நெசமான சர்வருக்கு அனுப்பிப் பாக்கோணும். பழைய வெர்ஷனுக்கும் புதுசுக்கும். பக்கத்துல இருக்கற எண்ணும் வர்ற எண்ணும் ஒத்துப்போகலைன்னா ரிலீஸ் போகக் கூடாது. இந்தத் தடவை மட்டுமில்ல, எப்பவுமே."

"உங்க டாக்ஸு நம்ம ரிலீஸை நிறுத்துமா?"

"நிறுத்தோணும்."

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று பகலும் இருவரும் ஆபீஸில்தான் இருந்தார்கள். பழைய வெர்ஷனுக்கு ஒரு பக்கம், புதியதற்கு ஒரு பக்கம் என்று டாக்ஸை செவ்வந்தி பிரித்தாள். அதுவரை எல்லா வெர்ஷனுக்கும் ஒரே பக்கம். யாருக்கு எது பொருந்தும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். சபரீஷ் சோதனையை எழுதினான். முதல் தடவை ஓட்டியபோது திரை முழுவதும் சிவப்பு. தப்பான எண், காணாமல்போன காரணம், பெயர் மாறிய தகவல் என்று வரிசையாக வந்தது. ஒன்று சர்வரின் தப்பாக இருந்தால் அவன் திருத்தினான், டாக்ஸின் தப்பாக இருந்தால் அவள் திருத்தினாள். யார் தப்பு என்று வாக்குவாதம் வந்த இடங்களில், தோட்டத்தில் நிற்பவனுக்கு எது பாதுகாப்போ அதை வைத்துக்கொண்டார்கள். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் திரை முழுக்கப் பச்சை ஆனது. சபரீஷ் கீழே போய் இரண்டு பேருக்கும் டீயும் காளான் ரோஸ்ட்டும் வாங்கி வந்தான்.

ஒரு வேலை பாக்கி இருந்தது. புதுப் பக்கத்தின் தலையில் செவ்வந்தி ஓர் அறிவிப்பு எழுதியிருந்தாள். 'புது வெர்ஷனில் வோல்டேஜ் குறைவுக்கு நாங்கள் எழுதியிருந்த எண் ஒன்று, அனுப்பிய எண் வேறு. நாங்கள் எழுதியதை நம்பிச் செயல்பட்ட ஓர் ஆப்பினால் ஒரு விவசாயியின் மோட்டார் எரிந்தது. அந்த ஆப் சரியாகத்தான் வேலை செய்தது. தவறு எங்களுடையது.' அதை வெளியிடுவதற்கு முன் குமாரசாமிக்கு அனுப்பினாள். அவர் உடனே போனில் வந்தார்.

"திருத்திட்டீங்க, ரொம்ப சந்தோசம். ஆனா நம்ம தப்ப நாமளே ஊருக்குத் தண்டோரா போடோணுமா அம்மணி?"

"திருத்துனோம்னு மட்டும் போட்டா, எது தப்பா இருந்துதுன்னு யாருக்கும் தெரியாது சார். பழைய ஒட்டு வெச்சிருக்கறவங்க அதை எடுக்க மாட்டாங்க. அப்பறம், அந்த உடுமலைப் பொண்ணு. அவிங்க சென்னிமலை ஐயாகிட்டப் போயி நிக்கறதுக்குக் கையில ஒண்ணு வேணும். அவிங்க பேசமாட்டாங்க. நாமதான் பேசோணும்."

"காயில் கட்டற செலவை நாம பாத்துக்கறம்னு அதுலயே ஒரு வரி சேத்துப் போட்டிருங்க" என்றார் குமாரசாமி. முனகிக்கொண்டேதான் சொன்னார், ஆனால் சொன்னார்.

அறிவிப்பு ஞாயிறு மாலையே போனது. புதுப் பக்கங்களையும் கூடவே எல்லோருக்கும் அனுப்பினார்கள். பதிலுக்கு வந்ததெல்லாம் நன்றியும் வாழ்த்தும். அந்த வாழ்த்துகளைப் பார்க்கப் பார்க்க செவ்வந்திக்குச் சந்தேகம்தான் வந்தது. இந்த வாழ்த்தை நம்பித்தானே இத்தனை நாள் கெட்டோம் என்று தோன்றியது. லோகப்பிரியாவிடமிருந்து மட்டும் பதிலே இல்லை.

திங்கட்கிழமை ராகு காலம் கழிந்தது. குமாரசாமி பூஜையறையிலிருந்து நேராக வந்து சபரீஷின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் எல்லாம் பச்சை. பத்து மணிக்குச் சில நிமிடங்கள் இருந்தன. சபரீஷ் விரலைப் பொத்தானுக்கு மேல் வைத்துக்கொண்டு செவ்வந்தியைப் பார்த்தான். அந்த நேரத்தில் அவள் போன் அடித்தது.

"செவ்வந்தி, உங்க டாக்ஸ் தப்பு."

லோகப்பிரியாவின் குரல்தான். சாப்பாட்டை விசாரிக்கவில்லை. மழையை விசாரிக்கவில்லை. செவ்வந்தி சபரீஷின் பக்கம் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, போனை மேஜையில் வைத்து எல்லோரும் கேட்கும்படி செய்தாள்.

"சொல்லுங்க."

"மோட்டாரை நிறுத்தச் சொன்னா புது வெர்ஷன்ல 202ன்னு வரும்னு போட்டிருக்கீங்க. அது சரி, 202தான் வருது. ஆனா பக்கத்துல 'மோட்டார் நின்றது'ன்னு எழுதியிருக்கீங்க. நிக்கலீங்க. நேத்து உங்க அறிவிப்பை எடுத்துட்டுப் போயி சென்னிமலை ஐயாகிட்டக் காட்டுனேன். அவரு படிச்சுப்போட்டு, சரி அம்மணி, மோட்டாரு வந்ததும் மறுபடி மாட்டலாம்னு சொன்னாரு. மாட்டறதுக்கு முன்னால இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் நானே ஓட்டிப் பாத்துட்டேன். காலைல எங்க ஆபீஸ்ல ஒரு சின்ன மோட்டாரு மாட்டி வெச்சிருக்கற பெட்டியில சிம்மைக் கழட்டிட்டு நிறுத்தச் சொன்னேன். 202 வந்துது. மோட்டாரு ஓடிட்டேதான் இருந்துது."

செவ்வந்திக்கு உடனே புரிந்தது. சபரீஷுக்கும் புரிந்துவிட்டது என்று அவன் முகத்தில் தெரிந்தது. புது வெர்ஷன் கட்டளையை வாங்கி வரிசையில் வைத்துக்கொள்கிறது. 202 என்றால் சொன்னதை வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம், செய்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. பழைய வெர்ஷனில், பெட்டிக்கு சிக்னல் இல்லையென்றால் பிழை என்று வரும். சோதனை எண்ணை ஒத்துப் பார்த்தது, எண் சரியாக இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் வாக்கியத்தை எந்தச் சோதனையும் படிக்காது. அது செவ்வந்தி எழுதியது, சனிக்கிழமை, அவசரத்தில். திரை பச்சையாகவே இருக்க, ரிலீஸும் அத்தனை பேருக்கும் போயிருக்கும். தண்ணீர் வற்றிய போரில், நின்றுவிட்டது என்று விவசாயி நம்பிய மோட்டார் கருகும்வரை ஓடிக்கொண்டே இருந்திருக்கும்.

"ரிலீஸ் இன்னைக்கு இல்லைங்க சார்" என்றாள் செவ்வந்தி, குமாரசாமியின் பக்கம் திரும்பி. அனுமதி கேட்கிற குரல் இல்லை அது.

குமாரசாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மேஜையில் இருந்த போனைப் பார்த்தார். "மோட்டாரு நெசமாவே நின்னா எப்படிச் சொல்லுவீங்க?" என்று சபரீஷிடம் கேட்டார்.

"பெட்டிகிட்ட மறுபடி கேட்டு, நின்னுதான்னு தெரிஞ்சப்பறம் தனியா ஒரு பதில் அனுப்போணும். ரெண்டு நாளாகுங்க."

"ஆகட்டும்" என்றார் அவர். "புதன்கிழமை மதியத்துக்கு மேல பாத்துக்கலாம். ஒண்ணரை வரைக்கும் ராகு காலம்."

சபரீஷ் விரலை எடுத்தான். செவ்வந்தி தன் மேஜைக்குப் போய் 'மோட்டார் நின்றது' என்ற இரண்டு சொற்களையும் அழித்தாள். அந்த இடத்தில், 'கட்டளை வந்து சேர்ந்தது; மோட்டார் நின்றதா என்று தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை நின்றதாக விவசாயிக்குக் காட்டாதீர்கள்' என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்தில்தான். இத்தனை ஊரில் ஒருத்தியாவது முகத்துக்கு நேரே தப்பு என்று சொல்லிவிட்டாளே.

போன் இன்னும் இணைப்பில் இருந்தது. லோகப்பிரியா காத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்ட்டாச்சுங்களா லோகப்பிரியா?" என்று கேட்டாள் செவ்வந்தி.

"இன்னும் இல்லீங்க" என்றாள் லோகப்பிரியா. "நீங்க மொதல்ல திருத்துனத வாசிச்சுக் காட்டுங்க."